காற்று புகாத தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

(ஆரணியில் நெசவாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டு நெய்யும் ஊரில் இதைச் சாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவுரியை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிருந்து தென்கிழக்கே திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போனால் அவுரி இன்றும் பயிராகிறது. செடியை அறுத்துக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் இருக்கப் பாரம் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஊறிய தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக மாறும். அதை அடுத்த தொட்டிக்கு இறக்கி, அடித்துக் கலக்குவார்கள். காற்று பட்டதும் நீலம் திரண்டு அடியில் படியும். அதை வடித்துக் காய்ச்சி, வில்லை போட்டுக் காயவைத்தால் நீலக்கட்டி.

இந்த நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? அதற்குத் தென்னாட்டுச் சாயக்காரர்கள் கண்ட வழிதான் தாழி. நீலக்கட்டியை அரைத்து, சுண்ணாம்புத் தண்ணீர், உவர்மண் தெளிவு, வேகவைத்த தகரை விதை எல்லாவற்றையும் சேர்த்துத் தாழியில் ஊற்றி மூடிவிடுவார்கள். சில நாளில் மேலே செம்பு நிறத்தில் ஓர் ஆடை படரும், நீல நுரை கட்டும். ஆடையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது நீலமே இல்லை; மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீர். பருத்தி நூலை அதில் முக்கி எடுத்துப் பிழிந்து உதறினால், கையில் இருக்கும்போதே பச்சை நீலமாக மாறிக்கொண்டு வரும். தாழி பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்பதை வாசனையிலும் நிறத்திலும் கண்டுகொண்ட கைகள் அவை. அந்தக் கைப்பக்குவத்தை நான் வணங்குகிறேன். எந்தக் கருவியும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்க்கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டினி போடாமல் வளர்த்தவர்கள் அவர்கள். தகரை விதை அந்த உயிர்களுக்குத் தீனி. சுண்ணாம்பும் உவர்மண்ணும் அவை தாங்கும் காரம். மூடி, காற்றைத் தடுக்க.

தாழிக்குள் வேலை பார்த்தது யார் என்பது மிகப் பிந்தித்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் இதே நீலத்தைத் தரும் வேறொரு செடியை வைத்துப் போட்ட தாழியிலிருந்து க்ளாஸ்ட்ரிடியம் ஐசடிடிஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1999-ல் அறிவித்தார்கள். ஆக்சிஜன் பட்டால் வளராத இனம் அது.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது ஒன்று விளங்கிவிட்டால் இன்று நான் பேசப்போகும் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

உயிருள்ளது எதுவானாலும் உணவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி இறங்கும்போதுதான் உயிர் வாழச் சக்தி கிடைக்கிறது. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். நமக்கு அது ஆக்சிஜன். நாம் மூச்சு விடுவதே, இறக்க வேண்டிய எலெக்ட்ரான்களை இறக்க இடம் தேடித்தான். நெல் ஏற்றிவந்த லாரிக்கு மண்டி மூடியிருந்தால் என்ன செய்வார்கள்? அடுத்த ஊர் மண்டி, அதுவும் இல்லையென்றால் தெரிந்தவர் களம் என்று எங்காவது இறக்கித்தான் ஆக வேண்டும். காற்றில்லாத இடத்து நுண்ணுயிர்கள் அப்படித்தான் வேறு வேறு பொருள்களில் எலெக்ட்ரானை இறக்குகின்றன. தாழியில் அகப்பட்டது நீலம். எலெக்ட்ரானை வாங்கிக்கொண்ட நீலம் நிறம் இழந்து, காரத் தண்ணீரில் கரைந்து, நூலுக்குள் புகுந்துவிடுகிறது. வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. நீலம் மறுபடி நீலமாகி, கரையாமல், இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பின்னால் பட்டறைகளுக்கு வந்த ஹைட்ரோஸ் தூள் தாழியில் செய்வதும் இதே வேலைதான். பல நாள் வேலையைச் சிறிது நேரத்தில் முடிக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஆக்சிஜன்தான் எல்லோரையும்விட ஆவலாக எலெக்ட்ரானை வாங்குவது. அதனால் சக்தியும் அதிகம். ஒரு சர்க்கரை மூலக்கூறை ஆக்சிஜனோடு எரித்தால் செல்லுக்கு ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு சுமார் 30 கிடைக்கும், நொதிக்கவைத்தால் 2 தான். மீதிச் சக்தி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அந்த உயிர்கள் கழித்துவிடும் பொருளிலேயே மிச்சமாக நிற்கிறது. சாராயம் எரிகிறதே, சாண எரிவாயு எரிகிறதே, அது அந்த மிச்சம். இந்த உயிர்களால் நமக்கு வரும் நன்மையும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன.

பூமியின் கணக்கில் இந்தக் காற்றில்லா உயிர்களே மூத்தவை. காற்று மண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன்பு நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உயிர் என்றால் காற்றில்லா உயிர்தான். ஆக்சிஜன் பெருகியபோது அவற்றில் பல சேற்றுக்கும் ஆழத்துக்கும் விலங்குகளின் குடலுக்கும் ஒதுங்கின. டச்சுக்காரர் லேவன்ஹூக் 1680-ல் மிளகுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் வாயைத் தீயில் உருக்கி மூடி, உள்ளேயும் உயிர்கள் நெளிவதைக் கண்டார். அது அக்காலத்து அறிவுக்குப் பிடிபடவில்லை. 1861-ல் பாஸ்டர்தான் காற்றில்லாமல் வாழும் உயிர் உண்டு, காற்று அதற்குக் கேடு என்று சோதனையோடு நிறுவினார்.

இந்த ஊர்ப் பட்டறைக்கு வருவோம். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முனுகப்பட்டு என்று தறி ஓடும் ஊர்களுக்கெல்லாம் நூல் முதலில் சாயம் ஏற வேண்டும். கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கிறோம். எடையில் ஏறத்தாழ கால் பங்கு அப்படியே தண்ணீரோடு போகிறது. போவது செரிசின் என்ற புரதம். பிறகு சாயம். இன்று பட்டுக்கு ஏறும் செயற்கைச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். காற்றோட்டமான தொட்டியில் பாக்டீரியா இந்த இணைப்பை எளிதில் தொடாது. அங்கே ஆக்சிஜன் இருக்கிறது, எலெக்ட்ரான் அதற்கே போய்விடும். காற்றை அடைத்தால்தான் எலெக்ட்ரான் சாயத்தின் பக்கம் திரும்புகிறது. இணைப்பு அறுகிறது. சிவப்புத் தண்ணீர் வெளுக்கிறது.

வெளுத்ததும் சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. அப்படிப்பட்ட அமீன்களை விடுவிக்கும் சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடைசெய்யத் தொடங்கியது. 1997-ல் இந்தியாவும் பல அசோ சாயங்களைத் தடைசெய்தது. மிச்சமிருக்கும் அமீன்களை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். ஆகவே முதலில் மூடிய தொட்டி, அடுத்துக் காற்றோட்டத் தொட்டி என்று இரண்டு கட்டம் வேண்டும். முதல் கட்டத்தோடு நிறுத்தினால், கண்ணுக்குத் தெரிந்த விஷத்தைக் கண்ணுக்குத் தெரியாத விஷமாக்கி கமண்டல நாகநதியின் மணலுக்குள் விடுகிறோம் என்றுதான் அர்த்தம். தனித்தனிப் பட்டறையால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்ற கோரிக்கையைச் சங்கங்கள் எழுப்பும்போது, எந்த முறையில் சுத்திகரிப்பு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அரிசிக்கு வருகிறேன். பட்டுக்கு நிகராக ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தது அரிசி. களம்பூர் அரிசியைத் தெரியாத கடைக்காரர் வடமாவட்டங்களில் இருக்கமாட்டார். பழைய முறையில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டார்கள். நெல்லில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள் தண்ணீரிலிருந்த ஆக்சிஜனை முதலில் தீர்த்துவிடும். அப்புறம் காற்றில்லா இனங்கள் தலைதூக்கும். புழுங்கல் அரிசிச் சோற்றில் வரும் அந்தப் புளித்த வாடை அவை விட்டுப்போனது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வெந்நீர் முறையைக் கொண்டுவந்தது. சுமார் 70 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினாலே போதும். அந்தச் சூட்டில் அவை பெருகாது, வாடையும் இல்லை. அரிசி தப்பித்தது, சரி. ஊறல் தண்ணீர் வாய்க்காலில் தேங்கினால் அதே கூட்டம் அங்கே கூடுகிறது. மாவும் தவிட்டுச் சத்தும் நிறைந்த தண்ணீர் அது. அவற்றுக்கு விருந்து.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இதே மாதிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு தவித்தவர்கள்தான். நாற்றத்துக்காக ஊரார் சண்டைக்கு வந்தார்கள். இன்று அங்கே பல ஆலைகள் மரவள்ளிக் கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கி, எழும் மீத்தேனை எஞ்சினுக்கும் அடுப்புக்கும் எடுத்துக்கொள்கின்றன. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் கழிவுநீர் நிலையங்களில் கசடிலிருந்து வரும் வாயுவே மின்சாரமாகி அந்த நிலையங்களின் மோட்டாரை ஓட்டுகிறது. இந்த நாட்டில் இது புதிதும் அல்ல. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளிகள் இல்லத்துக் கழிவுத் தொட்டியில் எழுந்த வாயுவை 1897-லேயே பிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மீத்தேன் உண்டாவது ஒரு கூட்டு வேலை. ஒரு கூட்டம் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். அடுத்த கூட்டம் அந்தத் துண்டுகளை அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன் என்று குறுக்கும். கடைசிக் கூட்டம் அவற்றை மீத்தேனாக்கும். இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற தனிக் குலம் என்று 1977-ல் அமெரிக்கர் கார்ல் வோஸ் கண்டுபிடித்தார். இவை நிதானமாகப் பெருகுபவை, அமிலத்துக்கு அஞ்சுபவை. தொட்டியில் ஒரேயடியாகத் தீனியைக் கொட்டினால் முதல் கூட்டம் அமிலத்தைக் குவித்துவிடும், கடைசிக் கூட்டம் முடங்கும், வாயு நின்றுவிடும். கிராமத்தில் எத்தனையோ சாண எரிவாயுக் கலன்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. உள்ளே இருப்பது உயிர், அதற்கு வேளாவேளைக்குத் தீனி வேண்டும் என்று கட்டிக்கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் அவற்றில் பாதியாவது ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நெல் வயலிலும் இதே மீத்தேன்தான். தண்ணீர் நிற்கும் சேற்றில் சில நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாக எலெக்ட்ரானை வாங்கித் தீர்ந்தபின், கடைசியில் மீத்தேன் எழும். அதில் பெரும்பங்கு நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுத் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. கரியமில வாயுவைவிடப் பூமியைப் பல மடங்கு சூடாக்கும் வாயு இது. 1990 வாக்கில் ஓர் அமெரிக்கக் கணக்கு, இந்திய வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 38 மில்லியன் டன் மீத்தேன் விடுவதாகச் சொன்னது. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாடெங்கும் வயல்களில் இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 4 மில்லியன் டன். வேறு மண்ணில், வேறு பருவத்தில் அளந்ததை வைத்து நம் உழவர்மேல் பழி போட்டதை, நம் ஆய்வாளர்கள் சேற்றில் நின்று அளந்து திருத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் வரலாறு இது.

அந்த 4 மில்லியனையும் குறைக்க வழி உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியபின் அடுத்த பாய்ச்சல். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். மண்ணுக்குள் காற்று போனால் மீத்தேன் ஆர்க்கியாக்கள் அடங்கிவிடும். ஏரியும் கிணறும் வற்றிக் கிடக்கும் கோடையில் இது தண்ணீருக்கும் மிச்சம்.

இட்லி மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்குத்தான் அதில் முக்கியப் பங்கு என்று 1965-ல் காட்டினார்கள். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதித்தே பிழைக்கும் இனம் அது. உளுந்தின் பசை அது விடும் வாயுவைப் பிடித்துவைக்கிறது. நம் குடலுக்குள் இருப்பவையும் பெரும்பாலும் காற்றில்லா இனங்களே. அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த அழைப்பை ஏற்றேன். செப்டிக் டேங்க்.

செப்டிக் டேங்க் என்பது வேண்டுமென்றே காற்றை அடைத்துக் கட்டிய அறை. மலத்தைக் காற்றில்லா நுண்ணுயிர்கள் உடைக்கட்டும் என்பதுதான் அதன் வடிவமே. அங்கே எலெக்ட்ரானை வாங்க வரிசையில் நிற்பவற்றில் சல்பேட்டும் ஒன்று. தண்ணீரிலும் சோப்புத்தூளிலும் சல்பேட் உண்டு. சாயம் சீராக ஏறுவதற்காகப் பட்டறையில் போடும் கிளாபர் உப்பு சோடியம் சல்பேட்டேதான். சல்பேட்டில் எலெக்ட்ரானை இறக்கும் பாக்டீரியாக்கள் விடும் மிச்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்பார்களே, அது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கசடுக்குள்ளும் நீருக்குள்ளும் கரைந்தும் அடைபட்டும் கிடக்கும். கம்பையோ மண்வெட்டியையோ விட்டுக் கலக்கியதும் ஒரே மூச்சில் வெளியே வரும்.

மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் வாயு இது. ஆனால் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவைத் தொட்டால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிகக் கொடிய நேரம். 500-ஐத் தாண்டினால் நினைவு தப்பும். 1,000 பங்கில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். செல்லுக்குள் எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசி நொதி ஒன்று இருக்கிறது. இந்த வாயு அதைப் போய் அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைத் தொட முடியாது. அதோடு மீத்தேனும் கரியமில வாயுவும் தொட்டிக்குள் காற்றின் இடத்தைப் பிடித்திருக்கும். தீக்குச்சி உரசிப் பார்ப்பது வெடிக்கு வழி.

செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் இறங்கிச் செத்தவர்களின் எண்ணிக்கையில், தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையம் 1993 முதல் திரட்டிய கணக்கில், தமிழ்நாடே முன்னால் நிற்கிறது. தொட்டிக்குள் இறக்கப்படுபவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து அழைத்துவரப்படுகிறார்கள் என்பது இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். இதை விபத்து என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. உச்ச நீதிமன்றம் 2014-ல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறக்கச் சொன்னவர் வீட்டுக்காரரானாலும் ஆலைக்காரரானாலும் சட்டம் ஒன்றே. வீட்டுத் தொட்டிக்குச் சொல்வது அரிசி ஆலைத் தொட்டிக்கும் சாயப்பட்டறைத் தொட்டிக்கும் பொருந்தும். அங்கே வாயு இன்னும் அதிகமாகவே இருக்கும்.

மாற்று இருக்கிறது. கழிவுநீர் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொள்ளும். 14420 என்ற எண்ணில் கேட்கலாம். இறுகிப்போன கசடை வெட்டிக் கரைக்கச் சென்னை ஐ.ஐ.டி. ஹோமோசெப் என்ற எந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் லாரிகள் கொண்டுவரும் மலக்கசடைச் சுத்திகரிக்கத் தனி நிலையமே இயங்குகிறது. லாரியை ஏரிக்கரையில் திறந்துவிடாமல் இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களா என்று காசு கொடுக்கும் நாம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் கசடு இறுகாது; இறுகாவிட்டால் ஆளை இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. வீடு கட்டுபவர்கள் தொட்டியின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள். உறிஞ்சுகுழாய் போகும் அளவுக்கு வாய் விடுங்கள். லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கட்டும்.

மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் வாயு போய்விடாதா என்று இங்கே ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். போகாது. மேலே இருப்பது கொஞ்சம் போகும். கசடுக்குள் இருப்பது கலக்கும்போதுதான் வரும். மண்ணெண்ணெய் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் உதவாது. ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் ஆக்சிஜன் இருந்தால் விளக்கு எரியும்; மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், தூக்கப் போன அண்ணன், அண்ணனைத் தூக்கப் போன மச்சான் என்று அடுத்தடுத்து மூன்று பேர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். பெற்ற பிள்ளையே விழுந்தாலும், மூச்சுக்கருவி போட்டவர் வரும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். பிடித்து நிறுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. அழைக்கும்போதே தொட்டிக்குள் ஆள் விழுந்திருக்கிறார் என்று சொல்லுங்கள், மூச்சுக்கருவியோடு வருவார்கள்.